முட்டைக்குள் வந்த நடுக்கம்

கிளாக்கர் வீட்டுக் கோழிக்குஞ்சுகள் நடுங்கத் தொடங்கிய அன்றைக்கே வேலம்மாவின் கைராசியும் செத்துப்போனது.

அதுவரை பாலாத்துமலைத் தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கைக்கு இருந்த மரியாதை கங்காணியின் தலைப்பாகைக்குக்கூட இருந்ததில்லை. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எவள் வீட்டுக் கோழி அடைக்குப் படுத்தாலும் சரி, கூடையில் உமியைக் கொட்டி, இடிக்குப் பயந்து ஒரு கரித்துண்டையும் ஒரு ஆணியையும் போட்டுவிட்டு, "வேலம்மாக்காவக் கூப்புடு" என்பார்கள். முட்டையைத் தொட்டு வைக்கிற கை அவள் கையாக இருக்க வேண்டும். அவள் வைத்தால் கூமுட்டை விழாது, குஞ்சு முழுசாகப் பொரிக்கும் என்று பேச்சு. தன் கையில் அப்படி என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கூப்பிட்டால் போவாள். நாலு பேர் நல்லதாகச் சொல்லும்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பிள்ளைக்காம்பரா வேலை அவளுக்குக் கிடைத்ததும் அந்தப் பேச்சினால்தான். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளைப் போட்டுவிட்டுப் போகும் நீளமான தகரக் கொட்டகை அது. வரிசையாகச் சேலை ஏணைகள் தொங்கும். காலையிலிருந்து மாலை வரை அழுகையும் மூத்திர வாடையும் பால்மா வாடையும்தான். வேறொருத்தியாக இருந்தால் ஒரு மாதத்தில் ஓடியிருப்பாள். வேலம்மாவுக்கு அது சோறு போடுகிற இடம் மட்டுமல்ல. அவளுக்கென்று பிறந்த ஒரே பையன், நடை பழகின வயதில், காய்ச்சல் தலைக்கேறி இழுத்து இழுத்துச் செத்துப்போனான். அதற்குப் பிறகு வயிறு திறக்கவில்லை. ஏணைகளை ஆட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அவள் மனுஷியாக இருந்தாள்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிளாக்கர் சுந்தரலிங்கம். அவர் மனைவி புஷ்பவதி அம்மா மாத்தளை டவுனிலிருந்து ஒரு கூட்டம் வெள்ளைக் கோழிகளைக் கொண்டுவந்து கம்பிவலைக் கூட்டில் வளர்த்தார். லெகோன் கோழி. முட்டையாய்ப் போட்டுத் தள்ளும். ஆனால் ஒன்றுக்கும் அடைகாக்கத் தெரியாது. அடைகாக்க லயத்து நாட்டுக்கோழி வேண்டும். ஆகவே வாரம் பேசிக்கொள்வார்கள். முட்டை கிளாக்கர் வீட்டுடையது, அடைக்கோழி லயத்துடையது, பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி.

அந்தத் தடவை வேலம்மாவின் கறுப்பிக்கோழி அடைக்குப் படுத்திருந்தது. புஷ்பவதி அம்மாவே முந்தானையில் முட்டைகளை ஏந்திக்கொண்டு காம்பரா வாசலுக்கு வந்தார்.

"இந்தா வேலம்மா. இவ்வளவுதான் சேந்துச்சு. இந்தக் கிழமை எல்லாம் முட்டை கொறைச்சுப்போட்டுது. என்னவோ ஏக்கம் புடிச்ச மாதிரி நிக்குதுங்க."

"மழைக்கு அப்பிடித்தான் நிக்கும்மா. வெயிலடிச்சாப் போட்ரும்."

"உன் கைபட்டாப் போதும். ஒண்ணும் வீணாப் போகாது."

வீணாகப் போகவில்லை. மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், அநேகமாக எல்லாமே பொரித்தன. மஞ்சள் பஞ்சு உருண்டைகள். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. பாதியை எண்ணிப் பிரித்துக் கிளாக்கர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரெண்டு பணிஸ் ரொட்டியும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் கிடைத்தன. இரண்டொரு நாள் போனது. ஒரு குஞ்சு காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது, எழும்ப மாட்டேன் என்றது. கையில் தூக்கினாள். உள்ளங்கைக்குள் அது விடாமல் நடுங்கியது. தலை மட்டும் விரல்நுனியில் தட்டினது போல ஆடிக்கொண்டேயிருந்தது. குளிர் என்று அடுப்படியில் வைத்தாள். அடுப்படியிலும் நடுங்கியது. மறுநாள் இன்னும் சில. பிறகு ஏறக்குறைய எல்லாம். தீனியைக் கொத்தப் போய் மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தன.

புஷ்பவதி அம்மா வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கையில் பழைய சோப்புப்பெட்டி. அதற்குள் அவருடைய பங்குக் குஞ்சுகள், செத்ததும் சாகாததுமாக. லயத்து முற்றத்தில் பெட்டியைக் கவிழ்த்தார்.

"பாத்தீங்களா எல்லாரும்? இவ தொட்டு வச்ச முட்டை!"

வேலம்மா பிள்ளைக்காம்பராவிலிருந்து சத்தம் கேட்டு ஓடிவந்தவள், இடுப்பில் கொழுந்தெடுக்கும் அழகம்மாவின் குழந்தையோடு நின்றாள்.

"அம்மா, என் பங்கும் இப்பிடித்தான் ஆடுது. என்னா சீக்குன்னு தெரியல…"

"சீக்கா? என் கோழிகளைப் போய்ப் பாரு, மலைமலையா நிக்குது! ஒரு தும்மல் இருக்கா? சீக்கு என் கூட்டிலே இல்ல, வேலம்மா. உன் கையிலே இருக்கு. தூரமா இருந்துகிட்டே முட்டையைத் தொட்டியா?"

"இல்லம்மா. சாமி சத்தியமா இல்ல."

"அப்ப வேற என்ன? நானும் சொல்லக்கூடாதுன்னு பாத்தேன். உன் புள்ளையும் இப்பிடித்தானே இழுத்து இழுத்துப் போச்சு?"

வேலம்மாவுக்கு வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை நெருப்பாய்க் கொதித்த அன்று, மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போக லொறி கேட்டு இதே கிளாக்கர் வீட்டு வாசலில் அவள் நின்றாள். தேயிலைப்பெட்டி ஏற்றுகிற நாள், லொறி தர முடியாது என்றார் கிளாக்கர். இதே அம்மா யன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்தச் சாவையே தூக்கிக்கொண்டு வந்து தாயின் தலையில் போடுகிறார்! கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அதற்குள் அழகம்மா வந்து வேலம்மாவின் இடுப்பிலிருந்து தன் குழந்தையைப் பறித்துக்கொண்டாள்.

மறுநாள் பிள்ளைக்காம்பராவில் பாதி ஏணை காலி. அடுத்த நாள் இரண்டே குழந்தைகள், அதுவும் கேட்பாரற்ற வீட்டுக் குழந்தைகள். தாய்மார் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். கொழுந்து நிறை குறைந்தது. நிறை குறைந்தால் தொரை கேட்பார், தொரை கேட்டால் கிளாக்கர் பதில் சொல்ல வேண்டும். கிழமை முடிவதற்குள் சுந்தரலிங்கம் கணக்கப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினார். வேலம்மாவுக்கு இனிப் புல்வெட்டு. பிள்ளைக்காம்பராவுக்குக் காது கேளாத ஒரு கிழவியைப் போட்டார்கள். குழந்தை அழுதால் அவளுக்குக் கேட்காது. பரவாயில்லையாம். கை சுத்தமாம்!

வேலம்மாவின் புருஷன் அழகையா கவ்வாத்து வெட்டுகிறவன். நாள் முழுக்க தேயிலைச் செடியின் கழுத்தை வெட்டிவிட்டு, வீட்டில் ஒரு பூனையைக்கூட அதட்டாத மனுஷன்.

"ஏ புள்ள, பேசாம இந்தியாவுக்கு எழுதிக் குடுத்துருவோமா? எத்தன பேர் பெட்டி கட்டுறான்."

"குஞ்சு ஆடுனதுக்கு நான் ஏன் கடல் தாண்டணும்?"

"ஊர் வாயி…"

"ஊர் வாயிக்கு ரொட்டி சுட்டு அடைக்கவா? நீ சொல்லு. என் கையிலே என்னா இருக்கு? இந்தக் கையால சுட்டதத்தான இத்தன வருசமா திங்கிற. நீ ஆடுறியா?"

அழகையா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "சம்பளத்தன்னைக்குக் கொஞ்சம் ஆடுவேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பின் பாதியிலேயே அழுகையும் வந்துவிட்டது.

இதோடு போயிருந்தால் நாலு மாதத்தில் ஊர் மறந்திருக்கும். போகவில்லை. புஷ்பவதி அம்மா அதே வெள்ளைக்கோழிகளின் முட்டையைக் கங்காணி பெண்சாதியிடம் கொடுத்தார். அதே கூடு, அதே சேவல், அதே பெட்டைகள். மூன்று கிழமையில் குஞ்சுகள் வந்தன. ஒன்றுகூட நடுங்கவில்லை. அம்புபோல ஓடித் திரிந்தன. கங்காணி பெண்சாதி அவைகளை ஒரு கூடையில் போட்டு, தண்ணீர்ப் பீலிக்குக் கொண்டுவந்து காட்டினாள். குடத்தோடு நின்ற பொம்பளைகள் குஞ்சுகளைப் பார்த்தார்கள், பிறகு வேலம்மாவைப் பார்த்தார்கள்.

"இப்ப என்னாக்கா சொல்ற?" என்றாள் ஒருத்தி.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். வேலம்மாவே அன்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் கைகளை விரித்துப் பார்த்தாள். ஊர் சொல்வதைத் தானும் நம்பத் தொடங்கிவிட்டாள். அதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது?

முட்டை வாங்க வருகிற ஸெய்னுலாப்தீன் நானா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லயத்துக்குள் வந்தது அந்த நேரம்தான். மாத்தளை டவுனில் கோழியும் முட்டையும் வியாபாரம். மழைக்குக் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் காணவில்லை. விஷயத்தைக் கேட்டதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேலம்மாவின் வாசலில் குந்திவிட்டார்.

"தங்கச்சி, நில்லு. அந்த அம்மாகிட்ட அந்தக் கிழமை நானும் முட்டை எடுத்தன். நல்ல சாதின்னு எங்கட பீபி அடைக்கு வச்சா. பொரிச்ச குஞ்சு அம்புட்டும் விடியச் சுபுஹு தொழுகைக்கு எழும்புன ஹஸ்ரத்து மாதிரி தலையத் தலைய ஆட்டுச்சு!"

"டவுன்லயா? நானா, நெசமாவா?"

"அல்லாட மேல ஆணை. எங்கட வூட்டுக்கு நீ வந்தியா? உன் கை டவுன் வரைக்கும் நீளுமா?"

வேலம்மா வாசற்படியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கடைசியாகச் செத்த குஞ்சை ஸெய்னுலாப்தீன் டவுனில் மிருக டாக்டரிடம் காட்டியிருக்கிறார். டாக்டர் ஏதோ சொன்னார், நஷ்டப்பட்ட கோபத்தில் இவர் பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறார்.

"மீதிப் பாதிய நான் கேக்கணும்" என்றாள் வேலம்மா.

மறுநாள் வேலைக்குப் போகாமல் டவுனுக்கு பஸ் ஏறினாள். மிருக டாக்டர் சிங்களவர், இளவயது. மேசையில் ஒரு வாத்து அவரைக் கொத்தப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட வந்த ஸெய்னுலாப்தீன் தமிழில் மாற்றிச் சொல்ல, சிங்களம் கொஞ்சம் கொஞ்சம் புரிந்த வேலம்மா ஒவ்வொரு வார்த்தையையும் வாயைப் பார்த்துப் பிடித்தாள்.

"கோழிங்க முட்டை குறைச்சதான்னு டாக்டர் மாத்தயா கேக்குறாரு."

"ஆமா! குறைச்சுது. அந்த அம்மா வாயாலேயே சொன்னாங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். வைரஸ் என்று ஒரு கிருமி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாத அளவு சின்னது. பெரிய கோழிக்கு அது வந்தால் வெளியே ஒன்றும் காட்டாது. தின்னும், திரியும், கொஞ்ச நாள் முட்டை மட்டும் குறையும். ஆனால் அந்த நாட்களில் கிருமி கோழியின் வயிற்றுக்குள்ளேயே, முட்டைக்கு ஓடு மூடுவதற்கு முன்பே, கருவோடு போய்ச் சேர்ந்துவிடும். குஞ்சு உண்டாகும்போதே சீக்கும் அதோடு உண்டாகிவிடுகிறது.

"வெளங்குச்சா தங்கச்சி?" என்றார் ஸெய்னுலாப்தீன். "மாவு பிசையும்போதே மண்ணு விழுந்துருச்சு. ரொட்டி சுட்டவள் என்ன செய்வா?"

"அப்ப கங்காணி வூட்டுக் குஞ்சு? அதே கோழிதானே? அது ஏன் ஆடல? அதக் கேளுங்க நானா, அதத்தான் கேக்கணும்!"

டாக்டர் சிரித்தார். அது அப்படித்தான் என்றார். கொஞ்ச நாளில் கோழி தானே தேறிவிடும். தேறின பிறகு போடுகிற முட்டையில் அந்தக் கிருமி இருக்காது. அதுமட்டுமில்லை, தாய்க்கோழி அந்தச் சீக்கோடு சண்டை போட்டு ஜெயித்த பலமும் முட்டைக்குள்ளே குஞ்சுக்குப் போய்ச் சேரும். முதல் தடவை யார் அடை வைத்திருந்தாலும் நடுங்கியிருக்கும். இரண்டாம் தடவை யார் வைத்தாலும் நன்றாக வந்திருக்கும். வைத்த கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வேலம்மா அப்போது கேட்டது ஸெய்னுலாப்தீன் எதிர்பாராத கேள்வி. "என் புள்ளைக்கு… அதுவும் இழுத்துத்தான் போச்சு. எங்கிட்டேருந்து…"

ஸெய்னுலாப்தீன் மெதுவாகத்தான் மாற்றிச் சொன்னார். டாக்டர் வாத்தைக் கீழே இறக்கிவிட்டு, அவளையே பார்த்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார். "இது கோழி லெட, கோழி வருத்தம். மனிசனுக்கு வராது. உங்க பிள்ள வேற காய்ச்சல். அம்மா கை ஒண்டும் செய்யல."

பிறகு ஏதோ நினைத்தவராக சிங்களத்தில் கேட்டார். அதைக் கேட்டதும் ஸெய்னுலாப்தீன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்ன நானா?"

"உங்கட கிளாக்கருக்கு இதெல்லாம் தெரியுமே, அவர் சொல்லல்லையான்னு கேக்குறாரு. மொத குஞ்சு சாகத் தொடங்குனதும் அவரே ஒண்ணக் கொண்டாந்து காட்டினாராம். இவ்வளவையும் அவருக்கிட்ட சொல்லி அனுப்பினாராம்."

பஸ்ஸில் திரும்பும்போது வேலம்மாவின் உடம்பு நடுங்கியது. அது வேறு நடுக்கம். தெரியாமல் சொன்னால் அறியாமை என்று விட்டுவிடலாம். தெரிந்துகொண்டே, புல்வெட்டுக்கு அவளைத் தள்ளி, கிழவியைக் கொண்டுவந்து உட்காரவைத்து, மலையில் மழைத்தண்ணி சொட்டும் முதுகுகளில் கைக்குழந்தைகள் ஆடிப் போவதை ஆபீஸ் யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எதற்கு? கிளாக்கர் வீட்டுக் கோழிக்குச் சீக்கு என்று தெரிந்தால் முட்டை விலை போகாது. தொரை பங்களாவுக்கும் முட்டை போகிறது. அதற்காக ஒரு கூலிக்காரியின் பேர் கெட்டால் என்ன குறைந்துவிடும்?

மறுநாள் விடிகாலைப் பெரட்டு. பேர் போட எல்லோரும் வரிசையில் நிற்கிற களத்தில், வேலம்மா வரிசையில் நிற்காமல் நடுவில் வந்து நின்றாள். கிளாக்கரும் அன்று வந்திருந்தார்.

"வேலம்மா, வரிசைக்குப் போ" என்றார் கணக்கப்பிள்ளை.

"போறேங்க. ஐயாகிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்." கிளாக்கர் பக்கம் திரும்பினாள். "ஐயா, மிருக டாக்டர்கிட்ட குஞ்சு கொண்டுபோய்க் காட்டுனீங்களா, இல்லையா?"

சுந்தரலிங்கத்தின் முகம் போன போக்கை முன்வரிசை முழுதும் பார்த்தது.

"யாரடி உனக்குச் சொன்னது?"

"டாக்டரே சொன்னாருங்க. சீக்கு கோழிக்கு. கோழியிலேருந்து முட்டைக்குள்ள போயி, முட்டையிலேருந்து குஞ்சுக்கு. கோழி தேறிருச்சு, அதனாலதான் கங்காணி வூட்டுக் குஞ்சு நல்லாருக்கு. டவுன்ல ஸெய்னுலாப்தீன் நானா வூட்லயும் ஆடுச்சு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னைய புல்லு வெட்ட விட்டீங்க."

களத்தில் சலசலப்பு. கிளாக்கர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சரி, சரி. நாளைக்கே பிள்ளைக்காம்பராவுக்குப் போ. விஷயம் முடிஞ்சுது."

"முடியலைங்க. அம்மா வந்து இவங்க முன்னால சொல்லணும்."

"கிளாக்கர் வீட்டு அம்மா லயத்துக்கு வந்து உன்னிடம் மன்னிப்புக் கேக்கணுமோ?"

"மன்னிப்ப நான் என்னா பண்ணப்போறேன்? கோழிக்குச் சீக்குன்னு சொன்னாப் போதும். என் செத்த புள்ளைய இழுத்தாங்களே, அத எடுத்துக்கிட்டாப் போதும்."

"அப்பிடியெண்டா புல்லே வெட்டு!" என்று கத்தினார்.

அழகையா வரிசையிலிருந்து வெளியே வந்து பெண்சாதியின் பக்கத்தில் நின்றான். கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. அதை மெதுவாகத் தரையில் வைத்தான், யாரும் தப்பாக நினைக்கக்கூடாது என்று.

வேலம்மா பொம்பளைகள் பக்கம் திரும்பினாள். "குஞ்சு பொரிச்சப்ப கைராசின்னு தூக்குனதும் நீங்கதான். அப்பவும் என் கையிலே ஒண்ணும் இல்ல. குஞ்சு செத்தப்ப என் கையப் பாத்துப் பயந்ததும் நீங்கதான். இப்பவும் ஒண்ணும் இல்ல. இது சும்மா கை. புள்ள தூக்கும், பால் கலக்கும், பீ கழுவும். நம்புறவ நம்புங்க. நம்பாதவ என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. பீலியில நின்னு சொல்லாதீங்க."

முதுகில் கட்டியிருந்த குழந்தைகளில் ஒன்று இருமியது. அழகம்மாவின் குழந்தைதான். மழையில் போய் வந்து நெஞ்சுச்சளி. அழகம்மா தரையைப் பார்த்தபடியே முடிச்சை அவிழ்த்தாள். குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"புடிங்கக்கா. கொழுந்துக்கு நேரமாச்சு."

வேலம்மா உடனே கை நீட்டவில்லை. "புள்ளைக்காக வாங்குறேன்டி. ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு மலையேறாத."

"இல்லக்கா."

அடுத்து இன்னொருத்தி வந்தாள். பிறகு ரெண்டு பேராக. கங்காணி பெண்சாதி வரவில்லை. கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கிளாக்கரைப் பார்த்தார். கொழுந்துக்காரிகள் கை வீசி நிற்கிறார்கள், நிறை கூடும். கிளாக்கருக்கு அந்தக் கணக்கு தெரியாததல்ல. தடுக்காமல் ஆபீஸ் பக்கம் நடந்துவிட்டார்.

வேலம்மா இரண்டு இடுப்பிலும் இரண்டு குழந்தைகளோடும், பின்னால் இன்னும் இரண்டைத் தூக்கிவந்த அழகையாவோடும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். அவள் கோபம் இறங்கவில்லை. பேர் போட்டார்களா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கிழவி ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நனைந்த ஏணைத் துணிகள் நாலு நாளாய் மாற்றாமல் நாறின. அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்து வாசலில் வீசியபடியே, கிளாக்கர் வீடு இருக்கிற மேட்டைப் பார்த்து, அங்கே கேட்கும்படியாகவே திட்டிக்கொண்டிருந்தாள்.

கோழிக்குத்தான் சீக்கு என்ற அந்த வார்த்தையைப் புஷ்பவதி அம்மா கடைசிவரை சொல்லவில்லை. வேலம்மாவும் கேட்பதை நிறுத்தவில்லை. வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு தடவையும், நாலு பேர் இருக்கிறபோது பார்த்து, "எப்பம்மா சொல்லப்போறீங்க?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.